யாட்: சொல்லும் பொருளும்

'யாட்' என்றதும் கோடீஸ்வரர்கள் நடுக்கடலில் விருந்து வைக்கும் வெள்ளைப் படகுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் டச்சுக்காரர்கள் இந்தப் பெயரைச் சூட்டியது ஓய்வே இல்லாமல் ஓடிய ஒரு கப்பலுக்கு.

டச்சு மொழியில் 'யாகன்' என்றால் வேட்டையாடுதல், விரட்டுதல். 'யாக்ட்ஸ்கிப்' என்பது விரட்டிச் செல்லும் கப்பல். அது சுருங்கி 'யாக்ட்' ஆனது. இன்றும் டச்சில் இந்த ஒரே சொல்தான் வேட்டைக்கும் படகுக்கும். நடுவில் வரும் 'க்' தொண்டையைச் செருமுவது போன்ற ஒலி. ஆங்கிலேயர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டார்கள். நாம் அவர்களிடமிருந்து வாங்கியதால் 'யாட்' என்கிறோம்.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சரக்கைச் சுமந்தவை பெரிய கப்பல்கள். முன்னால் போய் ஆழம் பார்ப்பது, கடிதம் கொண்டு போவது, தெரியாத கரையை வேவு பார்ப்பது எல்லாம் யாக்டின் வேலை. சிறியது, வேகமானது, பெரிய கப்பல் போகத் தயங்கும் ஆழமில்லாத நீரிலும் நுழையும். 1606இல் வில்லெம் யான்சோனின் 'டைஃப்கென்' (சிறு புறா என்று பொருள்) ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் கரையைத் தொட்டது. ஐரோப்பியர் அந்தக் கண்டத்தை அடைந்ததற்குக் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். 1609இல் ஹென்றி ஹட்சன் இன்றைய நியூயார்க் அருகே ஆற்றில் ஏறிச் சென்ற 'ஹால்வே மான்' கப்பலும் யாக்ட்தான். ஹட்சன் ஆங்கிலேயர், கூலி கொடுத்தது டச்சுக் கம்பெனி!

சரி, உல்லாசம் எங்கே வந்து ஒட்டியது? ஹாலந்தின் பணக்காரர்கள் கால்வாய்களில் சொந்த யாக்டில் உலா வந்தார்கள். 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கு 'மேரி' என்ற யாக்டைப் பரிசளித்தது. அடுத்த ஆண்டே அவரும் தம்பியும் தேம்ஸ் நதியில் பந்தயம் கட்டி யாட் ஓட்டினார்கள். அரசர் ஓட்டினால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா?

தமிழில் 'உல்லாசப் படகு' என்று எழுதுகிறோம். இன்றைய பணக்காரப் படகுக்கு அது பொருந்தும். ஆனால் டைஃப்கெனை அப்படிச் சொன்னால் அதில் போன மாலுமிகள் சிரிப்பார்கள். பழைய யாக்டுக்கு 'விரைகலம்' என்பது என் தேர்வு. கலம் என்றால் கப்பல் என்பது சங்க காலத்திலிருந்தே உள்ள பொருள், வேகமும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. போட்டிகளுக்கு 'பாய்மரப் படகு' என்று நாளிதழ்கள் எழுதுவதே போதும். 'சொகுசுக் கப்பல்' மட்டும் வேண்டாம். அது ஆயிரக்கணக்கான பயணிகளை ஏற்றிச் செல்லும் குரூஸ் கப்பலுக்கு நிலைத்துவிட்ட பெயர்.