பருந்துப் படத்தில் விரல்களை எண்ணுதல்

தலைக்கு மேலே சிறகு விரித்துக் கடந்துபோன ஒரு பறவையைப் படமெடுத்து அனுப்பி, இது வைரியா (ஷிக்ரா), அதைப்போலவே தோன்றும் மற்றொரு சிறு பருந்தான யூரேசிய ஸ்பாரோஹாக்கா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மார்பு வரிகளின் நிறத்தை வைத்து அவர் முடிவெடுக்க முயன்றிருக்கிறார். பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். அங்கேதான் ஏமாறவும் செய்கிறார்கள்.

நிறம் வயதோடு மாறும். இந்த வகைப் பருந்துகள் பலவற்றில் இளம் பறவையின் மார்பில் நெடுக்காக ஓடும் தீற்றல்கள், வளர்ந்த பறவையில் குறுக்கு வரிகளாகிவிடுகின்றன. வானின் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படத்தில் அடிப்பகுதி முழுவதும் கறுத்துப்போகும். உருவ அளவையும் நம்ப முடியாது: வெற்று வானத்தில் ஒப்பிட வேறு பொருள் இல்லை என்பதோடு, பெண் பருந்து ஆணைவிடப் பெரியது என்பதால், சிறிய இனத்தின் பெண்ணும் பெரிய இனத்தின் ஆணும் அளவில் நெருங்கிவிடுகின்றன.

இவற்றைவிட உறுதியான சான்று சிறகின் நுனியில் இருக்கிறது. பருந்தின் ஒவ்வொரு சிறகிலும் நுனிப்பகுதியை உருவாக்கும் பத்து நீண்ட இறகுகள், அதாவது முதன்மை இறகுகள், உண்டு. அவற்றுள் வெளிப்புறத்தில் உள்ள சில மட்டும் நடுவழியில் சட்டென்று குறுகி, நுனிவரை ஒடுங்கியே செல்கின்றன. சிறகு முழுதாக விரியும்போது அந்தக் குறுகிய பகுதிகளுக்கிடையே வெளி உண்டாகி, இறகுகள் விரித்த கைவிரல்களைப்போலத் தனித்தனியாகத் தெரிகின்றன. பறவை நோக்குவோர் இவற்றை விரல்கள் என்றே அழைக்கிறார்கள்.

இந்த விரல்கள் எதற்காக? சிறகின் கீழே காற்றழுத்தம் மிகுதி, மேலே குறைவு. ஆகவே கீழிருக்கும் காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாகிறது. அந்தச் சுழலை உண்டாக்கச் செலவாகும் ஆற்றலே பறவையைப் பின்னிழுக்கும் இழுவையாக உணரப்படுகிறது. நுனி பல விரல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் வளைந்து நிற்கும்போது, ஒரே பெருஞ்சுழல் சிறுசிறு சுழல்களாகப் பரவி இழுவை குறைகிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் வான்ஸ் டக்கர் இதை ஹாரிஸ் பருந்து என்னும் அமெரிக்கப் பருந்து ஒன்றை, செயற்கையாகக் காற்றோட்டம் உண்டாக்கும் காற்றுச் சுரங்கத்தில் மிதக்கவிட்டு அளந்தார். விரல் நுனிகளைக் கத்தரித்து இடைவெளியை நீக்கியபோது இழுவை கூடியதை 1995இல் வெளியிட்டார். குட்டைச் சிறகோடு மரங்களுக்கிடையே புகுந்து திரும்பவேண்டிய பறவைக்கு இது எத்தனை அழகான ஏற்பாடு!

அடையாளத்துக்கு உதவுவது இந்த விரல்களின் எண்ணிக்கை. வைரிக்கு ஐந்து, யூரேசிய ஸ்பாரோஹாக்குக்கு ஆறு, கூரிய சிறகுடைய சீன ஸ்பாரோஹாக்குக்கு நான்கு. ஆறாவது விரல் குட்டையானது என்பதால், சிறகு முழுதாக விரிந்த நொடியில் எடுத்த படத்தில்தான் எண்ணவேண்டும். பாதி மடக்கிச் சறுக்கும்போது விரல்கள் ஒன்றுசேர்ந்து, சிறகு பைரியின் (ஃபால்கன்) சிறகைப்போலக் கூராகத் தோன்றும். இறகுதிர்ப்புக் காலத்திலும் கவனம் தேவை. முதன்மை இறகுகள் உட்புறத்திலிருந்து வெளிநோக்கி ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைப்பதால், அக்காலத்தின் இறுதியில் விரல்களே பாதி வளர்ந்த நிலையில் இருக்கக்கூடும். ஆகவே இரண்டு சிறகுகளையும் எண்ணி ஒப்பிடுவது நல்லது. தொடர்ச்சியாக எடுத்த படங்கள் இருந்தால் எதையும் அழிக்காமல் அத்தனையையும் பார்க்கவேண்டும்.

மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கின்றன. அவை மனிதர்கள் பெயரிட்ட படங்களிலிருந்தே கற்றவை. அந்த மனிதர்களுக்கு விரல்களை எண்ணக் கற்றுத்தந்த அளவுகளோ, பறவைகளைப் பிடித்து வளையமிட்டோரும் அருங்காட்சியகங்களில் விரித்த சிறகுகளைப் பாதுகாத்தோரும் பல தலைமுறைகளாகத் திரட்டியவை. மென்பொருளுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கையாவது இந்தச் சேகரிப்புகளுக்கு ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உருவ ஒற்றுமை உறவைக் காட்டுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வட அமெரிக்கப் படங்களில் ஓயாமல் குழப்பும் கூப்பர் பருந்தும் ஷார்ப்-ஷின்ட் பருந்தும் அக்சிபிட்டர் என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுப்பில், வைக்கப்பட்டுவந்தன. மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் 2024இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டபோது, முன்னது அஸ்டர் பேரினத்துக்குச் சென்றது, பின்னது அக்சிபிட்டரிலேயே நின்றது. முன்பு அதே பேரினத்தில் இருந்த வைரி டாக்கிஸ்பைசா என்னும் பேரினத்துக்கு மாறியது. எனவே விரல்கள் தெளிவாகத் தெரியாத படத்துக்கு இனப்பெயர் சூட்டாமல், "ஸ்பாரோஹாக் வகை" என்று மட்டும் பதிவுசெய்வதே சரியான அடையாளம். வாசகர் அனுப்பிய படத்தில் இடச்சிறகு மங்கலாக இருந்தாலும் வலச்சிறகில் ஐந்து விரல்களும், அவற்றையடுத்து ஒழுங்காக வளைந்திறங்கும் ஓரமும் தெரிகின்றன. உதிர்ந்த இடைவெளி எதுவும் இல்லை. அது வைரிதான்.