லிஃப்ட் செய்த வண்டிக்கு பிரேக் ஹோஸ்: 'டாட்' முத்திரை எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை

லிஃப்ட் கிட் போட்டு வண்டியை மூன்று நான்கு அங்குலம் தூக்கியதும் எல்லோரும் அடுத்து டயரைத்தான் பார்க்கிறார்கள். சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கோ காலிபருக்கோ (சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் பாகம்) போகிற சின்ன ரப்பர் ஹோஸ் யார் கண்ணிலும் படுவதில்லை. அது கம்பெனி வைத்த உயரத்துக்கு அளந்து வெட்டியது. தூக்கிய வண்டியில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அது விறைத்துக்கொண்டு நிற்கும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் பிய்ந்துவிடும்.

சரி, நீளமான ஹோஸ் வாங்கலாம் என்று தேடினால் ஒரு பெட்டியில் 'டாட் அங்கீகாரம் பெற்றது' என்றும் இன்னொன்றில் 'சாலைக்கு வெளியே பயன்படுத்த மட்டும்' என்றும் போட்டிருக்கும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே அமெரிக்க விதி, கூட்டரசு வாகனப் பாதுகாப்புத் தரநிலை 106. டாட் என்பது அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை, விதியைப் பார்த்துக்கொள்வது அதன் கீழுள்ள என்எச்டிஎஸ்ஏ என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு.

முதலில் அந்த 'அங்கீகாரம்' என்ற சொல்லே தவறு. என்எச்டிஎஸ்ஏ எந்த ஹோஸையும் விற்பனைக்கு முன் சோதித்து அனுமதி கொடுப்பதில்லை. தயாரிப்பவர் தானே சோதித்து, 'இது தரநிலைக்கு உட்பட்டது' என்று தன் பொறுப்பில் முத்திரை போடுகிறார். பிறகு அரசே கடையில் வாங்கிச் சோதித்துத் தவறு கண்டால் அவர் விற்றதைத் திரும்பப் பெற வேண்டிவரும். ஆக, அந்த முத்திரை தயாரித்தவர் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி, அவ்வளவுதான். ஆனால் லேசான வாக்குறுதி இல்லை.

ஏனென்றால் சோதனைகள் கடுமையானவை. ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் ஓடும் ஹோஸ், 4,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தை இரண்டு நிமிடம் தாங்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போகும்போது, உள்விட்டம் எட்டில் ஒரு அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் 7,000 பிஎஸ்ஐக்குள்ளும், அதைவிடப் பெரியது என்றால் 5,000 பிஎஸ்ஐக்குள்ளும் வெடிக்கக் கூடாது. தனியாக ஒரு வளைப்புச் சோதனை உண்டு: ஹோஸை இயந்திரத்தில் மாட்டி, உள்ளே அழுத்தம் கொடுத்து, 35 மணி நேரம் விடாமல் சுழற்றி வளைப்பார்கள். இவை போக இழுவிசை, கடும் குளிர், ஓசோன், முனைகளில் துரு என்று பட்டியல் நீளும். லிஃப்ட் செய்தவர்களுக்கு முக்கியம் அந்த வளைப்புச் சோதனைதான். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் பார்க்கப் பலமாக இருக்கும், ஆனால் பின்னல் முனையோடு சேருகிற இடத்தில்தான் மடங்கி மடங்கிச் சோர்ந்துபோகும்.

வாங்கும்போது ஹோஸில் சுற்றிய பட்டையிலோ முனையிலோ டாட் எழுத்தும் தயாரிப்பாளர் அடையாளமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸின் மேலேயே எழுதியிருந்தால் ஹெச்ஆர் அல்லது ஹெச்எல் என்று ஒரு குறியும் இருக்கும். முன்னது அழுத்தத்தில் சாதாரண அளவு விரிவது, பின்னது குறைவாக விரிவது. ஹோஸின் எதிரெதிர்ப் பக்கங்களில் நீளவாக்கில் ஓடும் இரண்டு கோடுகள் அழகுக்கு இல்லை. மாட்டிய பிறகு கோடு திருகிக்கொண்டு போனால் ஹோஸும் முறுக்கிக்கொண்டிருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். முனைகள் அழுத்தி நசுக்கிப் பொருத்தப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதும் விதி. வீட்டில் ஸ்பேனரால் திருகிப் பூட்டுகிற முனைகளை வைத்து நாமே செய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஹோஸ் இந்தத் தரநிலைக்குள் வராது.

இந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது? தயாரிப்பவரையும் விற்பவரையும். கூடவே, ஏற்கெனவே பொருத்தியிருக்கும் பாதுகாப்பு அமைப்பைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டப் பிரிவு ஒர்க்ஷாப்களையும் டீலர்களையும் கட்டுப்படுத்துகிறது. சொந்த வண்டியில் தன் கையால் வேலை செய்யும் உரிமையாளர் அந்தப் பிரிவில் இல்லை. அதற்காக அவர் இஷ்டத்துக்கு மாட்டலாம் என்று அர்த்தமில்லை, அங்கே மாநிலச் சட்டங்கள் வந்து நிற்கும். வேறு நாட்டில் ஓட்டுபவர் தன் நாட்டு வாகன விதியைத்தான் பார்க்க வேண்டும், டாட் எழுத்து அங்கே ஒரு தர அடையாளம் மட்டுமே. 'சாலைக்கு வெளியே மட்டும்' என்ற வாசகத்தைச் சிலர் பெருமையாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஹோஸுக்கு அந்த வாக்குறுதியைத் தரவில்லை என்று விற்பவர் நாசூக்காகச் சொல்வதாகவே நான் அதைப் படிப்பேன்.

இத்தனையும் சொல்கிற விதி, உங்கள் வண்டிக்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்று மட்டும் சொல்லாது. சோதித்தது ஹோஸை, உங்கள் சஸ்பென்ஷனை இல்லை. அதனால் அளவு உங்கள் பொறுப்பு. சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரங்களை முழுவதும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் கீழே என்றும் பார்க்க வேண்டும், பல ஹோஸ்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. எந்த நிலையிலும் ஹோஸ் தளர்வாக இருக்க வேண்டும். ஆக்சில் இறங்குவதை ஷாக் அப்சார்பரோ வார்ப்பட்டையோ தடுக்கட்டும், ஹோஸ் தடுக்கக் கூடாது. அதற்காக ஏகத்துக்கு நீளம் வாங்கினால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயரிலும் ஸ்பிரிங்கிலும் உரசும். லிஃப்ட் கொஞ்சம்தான் என்றால் பழைய ஹோஸை வைத்துக்கொண்டே அதைச் சேசிஸில் பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கீழே இறக்கினால் போதும்.

அப்புறம் ஒன்று, பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் கெட்டியாக இருக்கும், உண்மைதான். ஆனால் பெரிய டயரால் கூடிய பிரேக் தூரத்தை அது குறைக்காது. மாட்டும்போது பேஞ்சோ போல்ட்டுக்கு (ஹோஸ் முனையைப் பூட்டும் துளையுள்ள போல்ட்) புது வாஷர் போடுங்கள், பிரேக் லைனிலிருந்து காற்றை முழுசாக எடுங்கள், யாரையாவது பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். முதல் காட்டுப் பாதைப் பயணம் முடிந்து வந்ததும் இன்னொரு முறை.