பிள்ளை பெற்ற உடம்பு எந்த வரிசையில் தேறுகிறது?

திருகோணமலையில் பிள்ளை பெற்ற வீடுகளில் ஒரு நாட்கணக்கு உண்டு. சிலருக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவு, சிலருக்கு நாற்பது. அது முடிந்ததும் "இனி நட, வயிறு வற்றட்டும்" என்பார்கள். எல்லார் கண்ணும் வயிற்றில்தான். ஆனால் எப்போது நடக்கலாம், எப்போது ஓடலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வெளியே தெரியாத இடுப்புத்தளம்.

பிரசவம் முடிந்தபோது சுமார் 1 கிலோ இருந்த கருப்பை, 6 வாரங்களில் 100 கிராமுக்கும் கீழே தானாகவே சுருங்கிவிடும். இடுப்புத்தளத் தசைகள் அப்படியல்ல. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இவை. பிள்ளையின் தலை வெளிவரும்போது இவற்றின் உட்பகுதி தன் நீளத்தைப்போல 3 மடங்குக்கு மேல் இழுபடும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. கர்ப்பகாலப் பாரத்தையும் இவையே சுமந்ததால், சிசேரியன் செய்த தாய்மாருக்கும் தளர்வு இருக்கலாம்.

மூச்சை இழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்கும், இடுப்புத்தளமும் சற்றுத் தாழும். மூச்சை விடும்போது இரண்டும் எழும். இருமும்போதும் பிள்ளையைத் தூக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் சட்டென ஏறும். அந்த நொடியில் தளம் இறுகாவிட்டால் சிறுநீர் கசியும். இதை வெட்கப்பட்டு மறைக்கும் பெண்கள் எத்தனையோ பேர். மறைக்க வேண்டிய விடயமே இல்லை, பயிற்சியால் பெரும்பாலும் குறையும்.

பயிற்சியும் எளிது. மூச்சை விட்டபடி, சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள்ளே மேலே இழுத்து, சில வினாடி பிடித்து, அப்புறம் முழுவதும் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கீகல் 1948இல் பிரபலப்படுத்திய முறை இது. சிக்கலில்லாத பிரசவமென்றால் முதல் நாட்களிலேயே, பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு.

வயிற்றைத் துணியால் கட்டும் வழக்கத்தையும் பார்ப்போம். அளவான கட்டு சிசேரியன் வலிக்கு இதமாக இருக்கும். ஆனால் பலூனை நடுவில் இறுக்கினால் காற்று இரு முனைக்கும் தள்ளப்படுவதுபோல, இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே, தளர்ந்த தளத்தின் மேல் இறங்கும். வயிற்றின் நடுவே விலகிய தசைகளைக் கட்டு சேர்த்துவிடுவதும் இல்லை. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் அந்த விலகல் இருக்கும். மல்லாந்து எழும்போது நடுவயிறு கூம்பாக மேலெழுந்தால், அந்த அசைவு இப்போதைக்கு வேண்டாம்.

சிசேரியனில் தோல் ஆறிவிட்டதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே தைத்த நார்ப்படலம் 6 வாரத்தில் பழைய பலத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் எட்டியிருக்கும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் அரிசி மூட்டை தூக்குவதும் அந்தத் தையலுக்குப் பாரம்தான். வீட்டுவேலை என்பதால் கணக்கில் வராமல் போகாது.

நடையை உட்துறைமுக வீதி போன்ற சமதரையில், சில நிமிடங்களில் தொடங்கலாம். கடற்கரையின் கால் புதையும் மணலும் கோணேசர் கோயில் ஏற்றமும் பிறகு. கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வெயில் தாழ்ந்த பின் போவதும், கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதும் நல்லது, பால் கொடுக்கும் உடம்புக்கு நீர் அதிகம் தேவை. மிதமான பயிற்சியால் பால் வற்றாது.

நடந்த பின் இரத்தப்போக்கு கூடினாலோ, கீழே பாரமாக இழுத்தாலோ, அளவைக் குறைக்க வேண்டும். இரத்தம் பெருகினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓட்டத்துக்குக் குறைந்தது 3 மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள் இயன்மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்ட்). ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு மடங்குக்கு மேலான விசை கால் வழியே ஏறுகிறது. அப்போதும் சிறுநீர் கசிந்தால், வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் தயங்காமல் சொல்லி, கிளினிக்கில் இயன்மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.