கழற்றத் தெரியாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்

முதல்முறை காண்டாக்ட் லென்ஸ் போட வருகிறவர்களுக்கு ஒரே பயம்தான்: "கண்ணுக்குள்ள விரலை விடணுமா?" பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி, லென்ஸ் தரும் ஆப்டோமெட்ரிஸ்டாக இதைக் கேட்காத நாள் குறைவு. என் பயம் வேறு. போடுவதை எப்படியும் பழகிவிடுவார்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில், காய்ந்துபோன லென்ஸைக் கழற்றும்போதுதான் வம்பு.

ஆன்லைனில் லென்ஸ் வாங்கி, வீடியோ பார்த்துப் போட்டுக்கொண்ட ஒரு மாணவி மறுநாள் காலையிலேயே வந்தார். ஒரு கண் சிவந்து வீங்கியிருந்தது. "லென்ஸ் கண்ணுக்குப் பின்னாடி போயிடுச்சு" என்று அழுகை. கண்ணில் சாய மருந்து விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழி மேல் நகக் கீறல்கள் பச்சையாக மின்னின. லென்ஸ் எங்குமே இல்லை. அது எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. அரை மணி நேரம் அவர் கிள்ளியது தன் கருவிழியைத்தான்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போகவே முடியாது. இமையின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அப்படியே மடிந்து வெண்விழியின் மேல் படர்கிறது. அதனால் அங்கே வழி கிடையாது. மிஞ்சிப்போனால் மேல் இமைக்கு அடியில் ஒதுங்கும். ஆகவே கழற்றும் முன் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். ஒரு கண்ணில் பார்வை கலங்கலாக இருந்தால் லென்ஸ் விழுந்திருக்கலாம், ஒதுங்கியும் இருக்கலாம். வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்து, லென்ஸ் இருப்பது உறுதியான பிறகு விரலைக் கொண்டுபோங்கள்.

மேலே பார்த்தபடி ஆள்காட்டி விரலால் லென்ஸை வெண்விழிக்குக் கீழிறக்கி, அங்கே வைத்து விரல் நுனிச் சதையால் மெதுவாகக் கிள்ளி எடுக்க வேண்டும். நகம் படவே கூடாது. லென்ஸ் நகராவிட்டால் காய்ந்திருக்கிறது என்று பொருள். லென்ஸுக்கான சொட்டு மருந்தை விட்டு, சில நிமிடம் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

சரி, போடுவதற்கு வருவோம். கண் சிமிட்டுவது உங்கள் தப்பில்லை, கண்ணின் காவல் அது. மேல் இமையின் தோலைப் பிடித்து இழுத்தால் கண் எப்படியும் மூடிக்கொள்ளும். இமை முடியின் வேரை ஒட்டிப் பிடித்தால்தான் நிற்கும். விரல் ஈரமாக இருந்தால் லென்ஸ் விரலிலேயே ஒட்டிக்கொண்டு கண்ணுக்குப் போக மறுக்கும். பலர் அரை மணி நேரம் திணறுவது இதனால்தான். கையைக் கழுவி, நூல் உதிராத துணியில் நன்றாகத் துடையுங்கள். விரல் நுனியில் லென்ஸ் கிண்ணம்போல் நிற்கிறதா, விளிம்பு தட்டுபோல் வெளியே விரிகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். தட்டுபோல் இருந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. எப்போதும் வலது கண்ணில் தொடங்கினால் இரண்டும் இடம் மாறாது.

அப்புறம், தண்ணீர். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை வைத்துச் செய்த கருவியில் சாஃப்ட் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். அந்த லென்ஸின் மென்மைக்குக் காரணம், அந்தப் பொருள் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதுதான். குழாய்த் தண்ணீர் பட்டால் அதையும் உறிஞ்சும், அதிலுள்ள கிருமிகளும் ஒட்டிக்கொள்ளும். அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி அப்படிக் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்குப் பார்வையே போகும். குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸ் வேண்டாம். லென்ஸ் வைக்கும் டப்பாவையும், லென்ஸைச் சுத்தம் செய்து ஊறவைக்கும் சொல்யூஷனில்தான் அலச வேண்டும். நேற்றைய சொல்யூஷன் மேல் புதிதைக் கொஞ்சம் ஊற்றிச் சமாளிப்பது சிக்கனமல்ல. கீழே கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவையே மாற்றுங்கள்.

முதல் நாள் நான்கு மணி நேரம் போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். பரிசோதித்தவர் அனுமதிக்காமல் லென்ஸோடு தூங்கக் கூடாது, குட்டித் தூக்கமும் சேர்த்துத்தான். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, அது காற்றிலிருந்துதான் ஆக்ஸிஜன் எடுக்கிறது. கண்ணாடிச் சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்குவதும் சரிவராது. கண்ணாடி கண்ணிலிருந்து தள்ளி நிற்பதால் மைனஸ் 5 பவர், லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 4.75 ஆகும்.

வலி, சிவப்பு, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், மங்கல் என ஏதாவது தென்பட்டால் உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கொண்டுபோங்கள், கிருமிப் பரிசோதனைக்கு அவை உதவும்.

அந்த மாணவி கீறல் முழுதாக ஆறிய பிறகு திரும்பி வந்தார். பழகுவதற்கு என்று ஒரு ஜோடியைக் கொடுத்து எதிரே உட்கார்ந்துகொண்டேன். முதல்முறை கழற்றப் பதினைந்து நிமிடம் ஆனது. மூன்றாவது முறை, நான் வாய் திறப்பதற்குள் லென்ஸ் அவர் விரலில் இருந்தது.