மாநில அரசு ஐ.டி. வேலையா? முதலில் கையெழுத்தைப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் சின்னதாக ஓர் ஐ.டி. கம்பெனி வைத்திருக்கிறீர்கள். மாநில அரசின் உரிமப் பிரிவு ஒன்று, விண்ணப்பங்களை இணையத்துக்கு மாற்றித் தரக் கேட்கிறது. கூட்டம் நல்லபடி முடிந்து, அதிகாரி "போலே மூலா" (தொடங்கலாம்) என்கிறார். உடனே ஆளைப் போட்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

1949ஆம் ஆண்டு அரசாங்க ஒப்பந்தச் சட்டப்படி, எழுத்தில் போடும் மாநில ஒப்பந்தம் மாநில அரசின் பெயரில் இருக்க வேண்டும். பினாங்கில் அதில் முதலமைச்சர் கையெழுத்திடலாம். அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்த அரசு அதிகாரி கையெழுத்திடலாம். அந்த அதிகாரம் ஒரே ஒரு வேலைக்கென்று தரப்பட்டிருக்கலாம். தம் இலாகாவில் இத்தனை ரிங்கிட்டுக்குக் கீழான எல்லா ஒப்பந்தங்களுக்கும் என்றும் தரப்பட்டிருக்கலாம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். போன வருடம் சின்ன வேலைக்குக் கையெழுத்திட்டவர், இந்தப் பெரிய வேலைக்கும் போடலாம் என்று அர்த்தமில்லை. அப்புறம் அவரிடமே பணம் கேட்கலாம் என்றாலும் வழியில்லை: அரசின் சார்பில் செய்த ஒப்பந்தத்துக்கு அதிகாரி சொந்தப் பொறுப்பாளி அல்ல என்கிறது 8ஆம் பிரிவு. 'சூராட் செத்துஜு தெரிமா' எனும் ஏற்புக் கடிதம் கைக்கு வந்ததும், யார் சார்பில், எந்தப் பதவியில் கையெழுத்து என்று பாருங்கள். அதிகாரக் கடிதத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடைகளுக்கு லைசென்ஸ் தரும் மாநகர் மன்றங்களான எம்.பி.பி.பி. (பினாங்குத் தீவு), எம்.பி.எஸ்.பி. (செபராங் பிறை) இரண்டும் வேறு கணக்கு. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் அவை தனி அமைப்புகள். மாநில அரசின் இலாகாக்கள் அல்ல.

சரி, வேலை தொடங்கியாயிற்று. இனி முன்னேற்ற அறிக்கை. "80 விழுக்காடு முடிந்தது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'புதுப்பிப்புப் படிவம் ஓடுகிறது. கட்டணப் பகுதி சோதனையில் இருக்கிறது. பழைய பதிவேடுகளை இலாகா இன்னும் தரவில்லை, இரண்டு முறை கடிதம் போட்டாயிற்று' என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களுக்குக் காவல். தாமதம் யாரால் என்று அந்தந்த மாதமே பதிவானால்தான், பிறகு கால நீட்டிப்பு கேட்கும்போது பேச்சு எடுபடும். அறிக்கையைக் கொடுத்த தேதிக்கு இலாகாவின் முத்திரையும் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் நீல 'டிக்' போதாது.

கருவூல உத்தரவுப்படி பில்லுக்கு 14 நாளில் பணம் தர வேண்டும். ஆனால் அந்த 14 நாள், பில் போன தேதியிலிருந்து ஓடாது. ஆவணங்கள் எல்லாம் குறையின்றிச் சேர்ந்த தேதியிலிருந்துதான். அதனால் சோதனை முடிந்த கையோடு, மேசையை விட்டு எழும் முன்பே, வேலையை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் ஏற்புப் படிவத்தில் இலாகாவின் கையெழுத்து வாங்கிப் பில்லோடு சேர்த்துக் கொடுங்கள்.