யாரும் சும்மா இல்லை, வேலைதான் நடக்கவில்லை

கூட்டங்களைக் குறைக்க ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். அந்தக் குழு வாரம் இரண்டு முறை கூடுகிறதாம். நீங்களும் வந்து உட்காருங்கள் என்று போன வாரம் இன்னொரு அலுவலகத்திலிருந்து அழைப்பு. அலுவலக நடைமுறைகளைச் சீர்செய்வதுதான் என் தொழில். ஆனாலும் இப்படி ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஆத்திரமாக வருகிறது.

பயிற்சி வகுப்புகளில் ‘டபிள்யூ ஒன் ஏ’ தொடரைப் பற்றி நிறையப் பேசுவேன். பிபிசியின் நிர்வாகக் குழப்பத்தை பிபிசியே எடுத்து ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடர் இது. எழுதி இயக்கியவர் ஜான் மார்ட்டன். 2014 முதல் 2017 வரை மூன்று பருவங்கள் வந்தன. லண்டனில் இருக்கும் தலைமையகத்தின் அஞ்சல் குறியீடுதான் தலைப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒரே பேச்சு: “பொதுப் பணத்தில் ஓடுகிற இடம் சார், வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிற கூட்டம், அப்படித்தான் இருக்கும்.”

இல்லை. தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். அந்த மேலதிகாரிகளில் சும்மா உட்கார்ந்திருப்பவர் ஒருவர்கூடக் கிடையாது. நிறுவனத்தின் விழுமியங்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட இயன் ஃபிளெட்சருக்கு (நடிப்பு ஹ்யூ பான்வில்) உட்கார மேசைகூடக் கிடைக்கவில்லை. மடிப்பு சைக்கிளும் கையுமாக ஓடிக்கொண்டே இருக்கிறார். சைமன் ஹார்வுட் என்ற இயக்குநர் யார் எதைச் சொன்னாலும் ‘பிரில்லியன்ட்’ என்று பாராட்டுவார், முடிவை மட்டும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எல்லோரும் மாலை வரை உழைக்கிறார்கள். ஆனால் ‘இது என் முடிவு, தவறானால் நான் பதில் சொல்கிறேன்’ என்று சொல்ல ஆள் இல்லை. நோய் அங்கே இருக்கிறது. சோம்பேறித்தனத்தைத் தேடிக்கொண்டு போனால் அது கண்ணிலேயே படாது.

‘தனியார் பாணி வந்தால் சரியாகிவிடும்’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜான் பர்ட் தலைமையில் பிபிசி 1993-இல் அதையும் செய்து பார்த்தது. தயாரிப்பாளர் ஸ்டூடியோவோ நூலக இசைத்தட்டோ எடுத்தால் அந்தந்தத் துறைக்குத் தன் பட்ஜெட்டிலிருந்து விலை கொடுக்க வேண்டும், வெளியே மலிவாகக் கிடைத்தால் வெளியே வாங்கிக்கொள்ளலாம். சொந்த நூலகத்தில் எடுப்பதைவிடக் கடையில் புதிதாக வாங்குவது மலிவு என்ற நிலை வந்ததாக அந்தக் காலத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். காகித வேலை குறையவில்லை, கூடியது. அடுத்து வந்த கிரெக் டைக் ஊழியர்களுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார். நல்ல யோசனைக்கு யாராவது முட்டுக்கட்டை போட்டால் கால்பந்து நடுவர் மாதிரி அதைத் தூக்கிக் காட்டச் சொன்னார். எனக்கு டைக்கைப் பிடிக்கும், ஆனால் அட்டையால் மட்டும் தீருகிற விஷயமில்லை இது.

நான் எப்போதும் காட்டும் உதாரணம் இன்னொன்று. ஒளிநாடா இல்லாமல் எல்லாவற்றையும் கணினியிலேயே தயாரிக்க ஒரு பெரிய டிஜிட்டல் திட்டத்தை பிபிசி தொடங்கி, 2013 மே மாதம் கைவிட்டது. ஏறக்குறைய 9.8 கோடி பவுண்டு போயிற்று. தொடரின் முதல் பருவம் ஒளிபரப்பாவதற்குச் சில வாரங்கள் முன்புதான் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வந்தது. அதில் ஒரு வரி முக்கியம்: திட்டம் முழுவதற்கும் பொறுப்பான மூத்த அதிகாரி என்று ஒருவரை நியமிக்கவே இல்லை. உழைத்தவர்கள் எத்தனையோ பேர், பொறுப்பாளி யாருமில்லை.

ஆகவே முதலில் உங்கள் மினிட்ஸை, அதாவது கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததை எழுதி வைக்கும் குறிப்பை, எடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயர் இருக்கிறதா? ‘குழு பார்த்துக்கொள்ளும்’ என்று இருந்தால் அடித்துவிட்டு ஒரு பெயரை எழுதுங்கள், பக்கத்தில் தேதியும் போடுங்கள். இரண்டு பெயர் எழுதாதீர்கள், இரண்டு பேர் பொறுப்பென்றால் ஒருவரும் பொறுப்பில்லை. (ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் காகிதம் இதுதான். பாதி உண்மை அதிலேயே தெரிந்துவிடும்.) என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாத கூட்டத்தைக் கூட்டாதீர்கள். யாருக்கு எந்த அதிகாரம் என்று தெளிவாகாமல் புது சாஃப்ட்வேர் வாங்கவே வாங்காதீர்கள். பழைய குழப்பம் அப்படியே அதற்குள் குடியேறும், அப்புறம் அதைத் திருத்தவும் கணினிப் பிரிவுக்கு ஒரு டிக்கெட் (புகார்ப் பதிவு) போட வேண்டியிருக்கும்.

மேலே இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். “சார், இதை யார் முடிவு செய்யணும்?” என்று ஒரு இளைய ஊழியர் கேட்டால் எரிந்து விழாதீர்கள். “பேசிச் சொல்கிறேன்” என்று அனுப்பிவிடவும் வேண்டாம். அது உங்கள் முடிவென்றால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். உங்களுடையது இல்லையென்றால், யாருடையது என்று கண்டுபிடித்து அன்று மாலைக்குள் கேட்ட ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.