கிராவல் ரன்வே: சரளை ஓடுதளம்

மதுரைப் பக்கம் கிராவல் என்றால் வீட்டு அஸ்திவாரத்துக்குள் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்குகிற செம்மண். டிப்பர் லோடு கணக்கில் வரும். சவுடு, கிராவல் என்று குவாரிச் சீட்டிலும் இதே பெயர்தான். இந்த நினைப்போடு 'கிராவல் ரன்வே'யைப் பற்றிப் படிப்பவர், செம்புழுதி பறக்கும் பொட்டலில் ஜெட் விமானம் இறங்குவதாகவே எண்ணிக்கொள்வார். 'மண் ஓடுதளம்', 'கரடுமுரடான ஓடுதளம்' என்கிற மொழிபெயர்ப்புகள் அப்படித்தான் வருகின்றன. இரண்டுமே தவறு. தாரோ கான்கிரீட்டோ போடாமல், உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கிச் சமமாக்கிய விமான ஓடுதளம் அது.

போயிங் 737-200 இறங்குகிற கிராவல் தளத்துக்கு விதி உண்டு. 100 அடி நீளத்துக்குள் 3 அங்குலத்துக்கு மேல் மேடு இருக்கக் கூடாது. மேற்பரப்பு குறைந்தது 6 அங்குலக் கனம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, டயர் தடம் பள்ளமாகப் பதியக் கூடாது, கல் ஆழமாக உதிர்ந்து கிடக்கும் இடம் எங்கும் இருக்கக் கூடாது. நம் ஊர்த் தார்ச்சாலைகளில் பல இந்தச் சோதனையில் தேறாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு. 'கிராவ்' என்றால் மணற்கரை. 'கிராவெல்' அதன் குறுமை வடிவம். அதற்கும் முந்தைய மூலம் கெல்டிக் மொழி என்பார்கள். பாரிஸில் செய்ன் ஆற்றங்கரைச் சதுக்கம் ஒன்றுக்கு இதே வேரிலிருந்து 'கிரேவ்' என்று பெயர். வேலை தேடுவோர் கூடி நின்ற இடம் அது. பிற்காலப் பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கே 'கிரேவ்' என்று பெயராகிவிட்டது. சிறுநீரகத்தில் சேரும் பொடிக்கல்லையும் பழைய ஆங்கில வைத்தியத்தில் கிராவல் என்றே சொன்னார்கள். ஆக, சொல்லின் உள்ளே இருப்பது கல்லும் மணலும், செம்மண் இல்லை. கல் கலந்த மண்ணுக்கு இங்கே இந்தப் பெயர் வந்து, நாளடைவில் கல் போய் மண் மட்டும் நின்றுவிட்டது.

தமிழில் எடுக்க வேண்டிய சொல் சரளை. பரல் என்றொரு பழஞ்சொல்லும் இருக்கிறது. பாலைநிலப் பாட்டுகளில் நடப்பவர் காலை உறுத்தும் கல். அழகான சொல்தான், ஆனால் அது உதிரியாகக் கிடப்பது. ஓடுதளத்தில் பகையே அதுதான். எனவே இறுக்கிப் பரப்பிய படுகையைச் சரளை என்றும், அதிலிருந்து பெயர்ந்து கிடப்பதைப் பரல் என்றும் பிரித்து ஆண்டால் இரண்டு சொல்லுக்கும் வேலை கிடைக்கும்.

தாரோ கான்கிரீட்டோ போடாததைச் சொல்லும் 'அன்பேவ்டு' என்பதற்குப் பாவாத தளம் எனலாம். கல் பாவிய தரை என்று நாம் சொல்வதும், நெசவில் நீளவாட்டில் பரப்பும் நூலைப் பாவு என்பதும் ஒரே வினையிலிருந்து வந்தவை. ஆங்கிலப் 'பேவ்' லத்தீன் 'பவீரே'யிலிருந்து வந்தது. அதன் பொருள் அடித்து இறுக்குதல். ஒலி ஒத்துப்போவது தற்செயல். வேடிக்கை என்னவென்றால், அந்த மூலப்பொருளின்படி பார்த்தால் சரளை ஓடுதளமும் 'பேவ்' செய்ததுதான்: அடித்து இறுக்கியிருக்கிறார்கள் அல்லவா.

தார் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். கனடாவின் ரெசல்யூட் பே போன்ற வட துருவப் பகுதி ஊர்களில் அடிநிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். கறுப்புத் தார் வெயிலை உறிஞ்சும். அடியில் பனி இளகும். தளம் அங்கங்கே அமுங்கி வெடிக்கும். சரளை அமுங்கினால் தரையைச் சமமாக்கும் கிரேடரை ஓட்டி, குறைந்த இடத்தில் கல் கொட்டி, ரோலர் விட்டால் போதும். தார்க்கலவை ஆலையைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியதில்லை.

எந்தச் சரளை என்பதில்தான் சூட்சுமம். ஆற்றில் உருண்ட கூழாங்கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. கிரஷரில் உடைத்த முனைக்கல் வேண்டும். இடைவெளியை அடைக்க மணல், பிடித்து நிறுத்தக் கொஞ்சம் களி. களி குறைந்தால் கல் பெயர்ந்து பரலாகும். கூடினால் ஒரே மழையில் சேறு. நம்மூர்க் கிராவல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. நெடுஞ்சாலைக்காரர்கள் மண்ணை 4 நாள் நீரில் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் அழுத்தித் தாங்குதிறனைப் பார்க்கும் சி.பி.ஆர். சோதனை இதற்கும் பொருந்தும். காய்ந்தபோது கல்லாக நிற்பது ஊறியதும் எவ்வளவு தாங்குகிறது என்பதே கேள்வி. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூசி அடங்க, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கால்சியம் குளோரைடைச் சரளைமேல் தூவுவதும் உண்டு.

அடுத்தது 'கிராவல் கிட்'. 737-200க்காக 1969இல் போயிங் கொடுத்த காப்புத் தொகுதி. சரளைக் காப்பு என்றால் பொருள் முழுதாக வந்துவிடும். அதன் பாகங்களில் கண்ணில் முதலில் படுவது மூக்குச் சக்கரத்தோடு தரையை ஒட்டி நிற்கும் அகலத் தட்டு. சக்கரம் உதைக்கும் கல் விமானத்தின் வயிற்றில் அடிக்காமல் தடுப்பது அதன் வேலை. சக்கரம் மடங்கும்போது தட்டும் திரும்பி அடிப்பகுதியோடு படிந்துகொள்ளும். பின் சக்கரங்களுக்குச் சிறு தடுப்புகள், ஹைட்ராலிக் குழாய்களுக்கு உலோக உறை, இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் உள் ஃபிளாப்புகளின் அடியில் கண்ணாடி இழைப் பூச்சு, வயிற்றுப் பகுதிக்குத் தேய்மானம் தாங்கும் டெஃப்லான் கலந்த பெயின்ட், அடி ஆன்டெனாக்களுக்கு வலுவூட்டல், உள்ளிழுத்துக்கொள்ளும் எச்சரிக்கை விளக்கு என்று மீதி வரும்.

இவற்றில் நுட்பமானது என்ஜின் வாயின் கீழ் முன்னோக்கி நீளும் மெல்லிய குழாய். கண்மாய் மடை திறந்ததும் மேலே நீர் சுழித்து உள்ளே இறங்குமே, அதுபோல ஓடும் ஜெட் என்ஜினுக்கும் தரைக்கும் நடுவே காற்றுச் சுழல் எழும். தரையில் கிடக்கும் பரலைக் கிளப்பி விசிறித் தகடுகளுக்குள் அனுப்புவது அதுதான். என்ஜினிலிருந்தே எடுத்த அழுத்தக் காற்றைக் குழாய் நுனித் துளைகள் வழியே கீழ்நோக்கிப் பீய்ச்சினால் சுழல் தரையில் கால் ஊன்ற முடியாது. ஆங்கிலத்தில் 'வோர்டெக்ஸ் டிசிப்பேட்டர்'. தமிழில் சுழல் கலைப்பான். 'சுழல் நீக்கி' என்பதைவிட இது சரி. சுழலை உருவாகவிடாமல் கலைக்கிறது. உருவானதை எடுத்து நீக்குவதில்லை.

காப்பு மாட்டிவிட்டால் எப்படியும் ஓட்டலாம் என்பதில்லை. நின்ற இடத்தில் முழு விசை கொடுத்தால் சுழல் வலுக்கும். அதனால் உருண்டுகொண்டே விசையைக் கூட்டிப் புறப்பட வேண்டும். இறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்க என்ஜின் விசையை முன்னோக்கித் திருப்பும் ரிவர்ஸை, வேகம் தணிவதற்கு முன்பே ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லையேல் முன்னே வீசப்படும் கல் என்ஜினுக்குள்ளேயே போகும். டயர் அழுத்தமும் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒடுக்கமாகத் திருப்பினால் டயர் சரளையை உழுதுவிடும். கிரேடர் ஓட்டியவர் ஓரத்தில் விட்டுப்போகும் கல்வரப்பும் ஆபத்துதான்.

அடுத்த வகையான 737-300 வந்தபோது 60 அங்குல விசிறி கொண்ட சி.எஃப்.எம்.56 என்ஜின் வந்தது. அதற்கும் தரைக்கும் நடுவே இடம் போதாமல் அதன் உறையின் அடியையே தட்டையாக்கினார்கள். அதற்கு இந்தக் காப்பு வரவில்லை. 1988இல் உற்பத்தி நின்ற 737-200 இன்னும் வடக்கே தேவைப்படுவதன் காரணம் இதுதான். என்ஜினைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்துத் தீர்வு கண்ட விமானங்களும் உண்டு: யாக்-40க்கு என்ஜின் வாலில், ஆன்டனோவ்-74க்கு இறக்கைக்கு மேலே, பி.ஏ.இ.146க்கு உயர்ந்த இறக்கைக்கு அடியில்.

தொடர்புடைய சொல் ஒன்று: லேட்டரைட். ஆப்பிரிக்க ஓடுதளங்கள் பல இதனால் ஆனவை. செங்கல்லுக்கான லத்தீன் சொல் 'லேட்டர்'. கேரளத்து அங்காடிப்புரத்தில் பார்த்த கல்லை வைத்து 1807இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் இட்ட பெயர் இது. தமிழில் செம்புரைக்கல். அதன் உடைந்த வடிவம் செம்புரைச் சரளை. அதைக் 'கிராவல்' என்று எழுதினால், மதுரை வாசகர் மறுபடியும் அஸ்திவாரத்துக்குள் போய்விடுவார்.